கோடை விடுமுறையில் குழந்தைகள்: பொழுதும் பாதுகாப்பும்

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் ஏறத்தாழ ஒன்றரை மாத காலம் குழந்தைகள் வீட்டில் இருப்பர். குறிஞ்சிப்பாடி வட்டத்தில் கத்தரி வெயிலும் முந்திரி அறுவடையும் வருவது இக்காலத்தில்தான். பெற்றோரில் பலர் தறியிலோ, வயலிலோ, முந்திரித் தோப்பிலோ, நெய்வேலி, கடலூர் சென்றோ பகல் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே பல வீடுகளில் குழந்தைகள் பாட்டி, தாத்தாவின் பொறுப்பில் இருப்பர், அல்லது தனித்து இருப்பர்.

குழந்தைக்குப் பொழுது போகச் செய்வது மகிழ்ச்சிக்காக மட்டும் அன்று. செய்வதற்கு ஒன்றும் இல்லாத குழந்தை, பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத நேரத்தில், தானே ஒரு விளையாட்டைத் தேடிக்கொள்ளும். அத்தேடல் பெரும்பாலும் நீர்நிலையில் முடிகிறது. எனவே விடுமுறை நாளின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: குழந்தை என்ன செய்கிறது? அதைப் பார்த்துக்கொள்பவர் யார்?

நீர்நிலைகள்: முதல் கவனம் இங்கே

2022 ஜூன் 5 அன்று, கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். ஆழமான இடத்தில் சிக்கியவர்களை மீட்க முயன்ற மற்றவர்களும் மூழ்கினர். அது விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை. இச்சம்பவத்தை ஒவ்வொரு பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

கோடையில் நீர் குறைந்திருக்கும், ஆகவே ஆபத்து இல்லை என்று எண்ணுவது தவறு. அதற்குரிய காரணங்கள்:

• மணலோ வண்டலோ அள்ளிய இடங்களில் முழங்கால் அளவு நீரை அடுத்தே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். கலங்கிய நீரில் அது கண்ணுக்குத் தெரியாது.
• நெய்வேலி சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீர் வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி ஆகியவற்றை அடைவதால், நம் பகுதி வாய்க்கால்களில் கோடையிலும் நீர் ஓடக்கூடும்.
• கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பண்ணைக்குட்டை, மூடாத தரைத்தொட்டி ஆகியன சிறு குழந்தைகளுக்கு ஆபத்தானவை. தவழும் வயதுக் குழந்தைக்கு ஒரு வாளி நீரும் ஆபத்தே.
• நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்குத் தவிக்கையில் கத்த இயலாது. பக்கத்தில் இருப்பவரும் அறியாத வகையில் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் ஏரி, ஆறு, குளம், கிணறு, கடல் எதற்கும் செல்லக் கூடாது என்பதை விடுமுறையின் முதல் நாளிலேயே குழந்தைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். விருந்தினராக வந்துள்ள உறவினர் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு உங்கள் ஊர் நீர்நிலையின் ஆழம் தெரியாது.
• நீரில் குழந்தைகள் இருக்கும்போது உடன் இருக்கும் பெரியவர் கைப்பேசி பார்க்கக் கூடாது. மது அருந்தியிருக்கக் கூடாது.
• யாரேனும் மூழ்கினால் நீரில் குதிக்காமல் உரக்கக் கத்தி ஆள் கூப்பிட வேண்டும். கயிறு, மூங்கில், சேலை, மூடிய காலி பிளாஸ்டிக் குடம் போன்ற ஒன்றை எறியவோ நீட்டவோ வேண்டும். இதைக் குழந்தைகளுக்குச் செய்து காட்டிப் பழக்குங்கள்.

மீட்கப்பட்ட குழந்தைக்கு முதலுதவி

1. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் கூடாது. இவை மூச்சு அளிக்க வேண்டிய நேரத்தை வீணாக்கும். வாந்தி நுரையீரலுக்குள் செல்லவும் காரணமாகும்.
2. உடனே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.
3. குழந்தை அசைவற்று, மூச்சும் இல்லாதிருந்தால், சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று.
4. பின்னர் மார்பின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை மூச்சு ஊதுங்கள். மூச்சு திரும்பும் வரை, அல்லது உதவி வரும் வரை, இதைத் தொடருங்கள்.
5. குழந்தை விழித்து எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும்.

வெயிலை ஒட்டி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் பகுதி கடலுக்கு அருகில் உள்ளதால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். மேலும், விளையாட்டில் ஆழ்ந்த குழந்தை தாகத்தை மறந்துவிடும். ஆகவே நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நலம்.

காலை 6 முதல் 9 மணி வரை: ஓடி ஆடும் நேரம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம் உடல் உழைப்புள்ள விளையாட்டில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கிளித்தட்டு, நொண்டி, கபடி, மிதிவண்டி ஆகியவற்றுள் எதுவும் போதுமானது. கிட்டிப்புள் ஆடினால் சிறு குழந்தைகளைத் தொலைவில் நிறுத்துங்கள். கிட்டி பட்டுக் கண்ணில் காயம் ஏற்படலாம். முறையான பயிற்சி வேண்டுவோர், கோடைக்காலப் பயிற்சி முகாம் பற்றிக் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டறியலாம்.

காலை 11 முதல் மாலை 4 மணி வரை: நிழலில் இருக்கும் நேரம். குழந்தைகள் கண்ணில் படாமல் வெளியே நழுவுவதும் இந்நேரத்தில்தான். இதனை நிரப்புவதே பெரியோரின் முதன்மையான வேலை. உட்கார்ந்த இடத்தில் ஆடும் நம் விளையாட்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழி, கணக்கைக் கையால் கற்பிக்கும். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்தைத் தரையில் கோடு கிழித்தே ஆடலாம். தாயம், பரமபதம், அஞ்சாங்கல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட இயலாத பாட்டிதான் இவற்றை நன்கு ஆடத் தெரிந்தவர். குழந்தையும் அவர் கண் முன்னே இருக்கும்.

பனையோலைக் காற்றாடி, நுங்குக் கூந்தலில் செய்யும் வண்டி, பழைய செய்தித்தாளில் செய்யும் முகமூடி ஆகியன செலவில்லாதவை. ஓலையையும் நுங்கையும் பெரியவரே வெட்டித் தர வேண்டும். தறி உள்ள வீடுகளில், ஒரு லுங்கிக்கு எத்தனை நிற நூல் செல்கிறது, கட்டம் எவ்வாறு விழுகிறது என்பதைக் குழந்தைக்குக் காட்டி, அதனைத் தாளில் வரையச் சொல்லலாம். ஊர்ப்புற நூலகத்திலோ கிளை நூலகத்திலோ குழந்தையை உறுப்பினராகச் சேர்த்தால், வாரம் இரண்டு நூல்கள் வீட்டிற்கு வரும்.

மாலை 4 மணிக்குப் பின்: மீண்டும் வெளி விளையாட்டு, உறவினர் வீடு, கோவில், கடற்கரை. வடலூரில் வள்ளலார் 1867-இல் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. குழந்தைகளை ஒரு முறை அழைத்துச் சென்று காட்டுங்கள். பிச்சாவரத்தில் படகில் ஏறும் ஒவ்வொரு குழந்தைக்கும் உயிர்காப்பு உடை அணிவியுங்கள். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள்.

நீரும் உணவும்

• தாகம் எடுக்கும் வரை காத்திராமல், விளையாடும்போது 20 நிமிடத்திற்கு ஒரு முறை நீர் அருந்தச் செய்யுங்கள். காய்ச்சி ஆறிய நீர், நீர்மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர், கேழ்வரகுக் கூழ், நுங்கு, தர்ப்பூசணி நல்லவை.
• ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். கோடையிலும் நீர் தர வேண்டியதில்லை, அடிக்கடி பாலூட்டுங்கள்.
• வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வெப்ப பாதிப்பின் அறிகுறிகள்

தலைவலி, மயக்கம், வாந்தி, தசைப்பிடிப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். குழந்தையை நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். உடல் அனலாகக் கொதித்தல், குழறிய பேச்சு, வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை வெப்பவாதத்தின் அடையாளங்கள். இது உயிருக்கு ஆபத்தானது. 108-ஐ அழைத்துவிட்டு, வாகனம் வரும் வரை உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவில்லாத குழந்தைக்கு வாய் வழியாக எதுவும் தரக் கூடாது.

தோப்பிலும் தெருவிலும்

• முந்திரிக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளமும் புண்ணும் உண்டாகும். விடுமுறை என்பதற்காகக் குழந்தைகளை முந்திரி உடைக்கவோ வறுக்கவோ உட்கார வைக்காதீர்கள். எண்ணெய் பட்டுவிட்டால் சோப்பு நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நீரால் நன்கு அலசி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.
• நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். அடி விழும் என்று அஞ்சிக் குழந்தைகள் இதை மறைப்பதுண்டு. நாய் கடித்ததைச் சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி கூறுங்கள்.
• பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல், குழந்தையை நடக்க விடாமல், அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

கைப்பேசியும் தொலைக்காட்சியும்

இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு, திரையால் உறக்கமும் விளையாட்டும் உணவும் கெடாதவாறு வரம்பு அமையுங்கள். சாப்பிடும்போதும் உறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் கைப்பேசியைத் தவிர்க்கவும். 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று கைப்பேசி கொடுப்பதன் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும் அதை எடுத்துவிடும் போது வேறு விளையாட்டு ஒன்றைக் கையில் கொடுங்கள்; வெறுமனே பறிப்பதால் பயனில்லை.

நோயுள்ள குழந்தைகள்

• வலிப்பு நோய் உள்ள குழந்தை எந்த நீர்நிலையிலும் தனியே இறங்கக் கூடாது. மரம் ஏறக் கூடாது. மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள். வெளியூர் செல்லும் முன் போதிய மாத்திரை கையில் உள்ளதா எனப் பாருங்கள்.
• ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் எங்கே உள்ளது என்பது, உடன் இருக்கும் பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
• இன்சுலின் போடும் குழந்தை மிகுதியாக ஓடி ஆடினால் சர்க்கரை குறையலாம். உடன் சர்க்கரை அல்லது இனிப்பு இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை நீர் புகாத உறையில் இட்டு, ஈர மணலில் பதித்த மண்பானையில் வைக்கலாம்.

விடுமுறையில் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 5 முதல் 6 வயதிலும், 10 வயதிலும், 16 வயதிலும் போட வேண்டிய ஊசிகள் விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். என்ன செய்வது?
ஒரே தெருவில் உள்ள நான்கைந்து குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு வீட்டுப் பெரியவர் அனைத்துக் குழந்தைகளையும் தம் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்வது இயலக்கூடியதே. இன்று யாருடைய முறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விட்டால், ஒருவரும் பார்ப்பதில்லை.

உடல்நலம் குன்றிய பெரியவரிடம் குழந்தையை விட்டுச் செல்லலாமா?
தவழும், ஓடும் வயதுக் குழந்தையை விட வேண்டாம். வளர்ந்த குழந்தையாயின், அவசரத்திற்கு அழைக்கப் பக்கத்து வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்து, தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நீச்சல் கற்றுக்கொடுத்தால் போதுமா?
நீச்சல் கற்பது நல்லது. ஆனால் அறியாத பள்ளத்திலும், பதறிப்போய் நம்மைக் கட்டிப்பிடிப்பவரிடத்திலும் நீச்சல் மட்டும் காப்பாற்றாது. பெரியவர் உடன் இருப்பது எப்போதும் தேவை.

“சலிப்பாக இருக்கிறது” என்று குழந்தை சொன்னால்?
ஒவ்வொரு நிமிடத்தையும் நீங்கள் நிரப்ப வேண்டியதில்லை. பாதுகாப்பான இடத்தில், பெரியவர் கண் பார்வையில் இருக்கும் குழந்தை சிறிது சலித்திருக்கட்டும். தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கும்.

உதவி எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
தீயணைப்பு மற்றும் மீட்பு: 101
குழந்தைகள் உதவி மையம்: 1098

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் குழந்தைக்கு உடல்நலக் குறைவு இருப்பின், அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவரை அணுகவும்.