பாவ்நகரின் பாலர் பள்ளி



நமது ஊர்களிலே சிறு பிள்ளைகளுக்குரிய முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அஃது இத்தாலி தேசத்து வைத்தியர் ஒருவரின் பெயர் என்பதை அறியாமலே அச்சொல்லை வழங்குவோர் பலர். பெயர் நம்மிடம் வந்து சேர்ந்தது. முறை வந்து சேர்ந்ததா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், இந்தியாவின் குஜராத் நாட்டிலே நிகழ்ந்ததை அறிதல் நன்று.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 ஆம் ஆண்டிலே, உரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியிலே, ‘குழந்தைகள் இல்லம்’ என்னும் தமது முதல் நிலையத்தைத் திறந்தார். குழந்தை தான் விரும்பிய வேலையைத் தன் கையாலே செய்து, தன் பிழையைத் தானே கண்டு திருத்திக் கற்கும் என்பது அவர் கொள்கை. அதன் பொருட்டு அளவு பிசகாத மரக் கட்டைகளையும் உருளைகளையும் அமைத்தார்.

வழக்கறிஞராயிருந்த கிஜுபாய் பதேக்கா, 1913 இலே தமக்கு ஒரு மகன் பிறந்தபின், அவனை எங்ஙனம் வளர்ப்பது என்று ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி அவரை மொண்டிசோரி அம்மையாரின் நூல்களிடத்துச் சேர்த்தது. 1916 இலே பாவ்நகரிலிருந்த தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்திலே சேர்ந்தார். 1920 இலே அங்கே ‘பால மந்திர்’ என்னும் பாலர் பள்ளியைத் தொடங்கினார்.

பிரம்பும் மனனமுமே கல்வி என்றிருந்த காலத்திலே அவர் இரண்டையும் விலக்கினார். அம்மையாரின் கருவிகளை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒன்றிலே வேறுபட்டார். மெய்யுலகை அறியுமுன் சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் வேண்டா என்பது அம்மையாரின் கருத்து. கிஜுபாயோ பாட்டிமார் சொல்லும் நாட்டுக் கதைகளையும், பாடல்களையும், நாடகத்தையும் பள்ளியின் நடுவிலே வைத்தார். குழந்தையை உற்று நோக்கி அதன்வழி நடக்க வேண்டும் என்பதுதானே அம்மையாரின் அடிப்படை உபதேசம்? அதனையே அவர் கைக்கொண்டார். ‘மீசை வைத்த அம்மா’ என்று அவரை அன்போடு அழைத்தனர்.

அவருடன் பணிபுரிந்த தாராபாய் மோடக் இன்னுமொரு படி சென்றார். 1945 இலே மகாராஷ்டிரத்துப் போர்டி கிராமத்திலே பள்ளி அமைத்தபோது, ஏழைப் பிள்ளைகள் அங்கே வரவில்லை. ஆகவே பள்ளியையே அவர்களுடைய வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுசென்றார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல்லும், விதையும், இலையும் பாடப் பொருள்களாயின. ‘முற்றத்துப் பள்ளி’ என்னும் பொருளுடைய அங்கன்வாடி அங்கே உருவாயிற்று. 1975 இலே இந்திய அரசு தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின் நிலையங்களும் அப்பெயரையே ஏற்றன.

மொண்டிசோரி அம்மையார் 1939 இன் பிற்பகுதியிலே சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944 இலே நம் இலங்கைக்கும் வந்தார். கிஜுபாய் 1939 யூன் மாதத்திலேயே காலமாகிவிட்டார்.

நேயர்களே, ஆண்டுதோறும் தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளை வரவேற்பவன் நான். அவர்களுட் சிலர் கட்டக் கொப்பியிலே எழுத்துகளை எழுதி எழுதிக் கை சலித்து, எழுதுகோலைக் கண்டாலே முகம் வாடி வருகின்றனர். வாசற் பலகையிலே மொண்டிசோரியின் பெயர் இருந்தும், உள்ளே பழைய திண்ணைப் பள்ளியின் அச்சமே இருக்குமாயின், நாம் கொண்டுவந்தது யாது? வாசிக்கத் தெரியுமா என்று பெற்றோர் அவசரப்படுவதும் இதற்கு ஒரு காரணமே.

கருவி வாங்கப் பணமில்லை என்று வருந்த வேண்டியதில்லை. புளியங்கொட்டையும் சிரட்டையும் முற்றத்து மணலும் எங்கும் உண்டு. கதை சொல்லும் பாட்டியும் உண்டு. பிறநாட்டு முறையிலே எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதைப் பாவ்நகர் காட்டிற்று. கருவியை மாற்றலாம், கதையைச் சேர்க்கலாம், இடத்தையும் மாற்றலாம். குழந்தையின் சுதந்திரத்தை மட்டும் மாற்றலாகாது.