கோதுமை விளையாத ஊரின் அல்வா

தாமிரபரணிக் கரையில் விளைவது நெல். திருநெல்வேலியின் புகழோ கோதுமை அல்வாவால். அச்சொல் அரபி, செய்முறை ராஜஸ்தானத்திலிருந்து குடிவந்த சிங் குடும்பத்தார் வழி வந்தது என்பர். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிளற வேண்டும். எளிய அடுக்களைக்கு அது கட்டுப்படியாகாது.

அங்கே இடம்பிடித்தது ரவா கேசரி. வறுத்த ரவை ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு, கொதிநீர் மூன்று, கொஞ்சம் நெய். கால்மணி நேரம் போதும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபின், பங்கீட்டுக் கோதுமை தென்னாட்டு வீடுகளிலும் பழகியது.

பெண் பார்க்கும் சடங்கின் சொஜ்ஜியும் இதுவே. 'சூஜி' என்ற வடநாட்டு ரவைப் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அல்வாவுக்குக் கடைகளின் பெயருண்டு. கேசரி கிண்டிய கைகளுக்கு அதுவுமில்லை. நம் உணவு வரலாறு எழுதாமல் விட்ட பக்கம் அது.