காலம் கடந்து கிடைத்த பார்வை: பவன் சின்ஹாவின் ஆய்வுகளும் ‘உரிய பருவம்’ என்னும் கோட்பாடும்

பிறவிக் கண்புரையோடு, அதாவது கண்ணின் லென்ஸ் வெளுத்து ஒளியை மறைக்கும் நிலையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு எட்டு வயதிலோ பதினைந்து வயதிலோ அறுவை சிகிச்சை செய்தால் பயனுள்ள பார்வை கிடைக்குமா என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் ‘கிடைக்காது’ என்றே விடை சொல்லப்பட்டது. அந்த விடைக்கு வலுவான அடிப்படை இருந்தது. டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஓர் இமையைத் தைத்து மூடிப் பிறகு திறந்து பார்த்தபோது, பிறந்த முதல் சில மாதங்களில் ஒளி கிடைக்காத கண்ணுக்கு மூளையின் பார்வைப் புறணியில் இடமே இல்லாமல் போயிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே கால அளவுக்கு மூடியபோது அத்தகைய இழப்பு நேரவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்ற இந்த ஆய்வுவரிசையிலிருந்தே, பார்வை வளர்வதற்கென ஓர் ‘உரிய பருவம்’ உண்டு, அது கடந்தால் மூளை பார்க்கக் கற்காது என்ற கோட்பாடு மருத்துவத்துக்குள் வந்தது. இந்தியாவில் பிறந்து டெல்லி ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பயின்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்வை அறிவியல் பேராசிரியரான பவன் சின்ஹாவின் ஆய்வுவாழ்க்கை அந்தக் கோட்பாட்டை உடைத்துவிட்டது என்று பலரும் எழுதுகின்றனர். அது அரைகுறை வாசிப்பு. உரிய பருவம் இல்லை என்று சின்ஹா நிறுவவில்லை. ‘பார்வை’ என்று நாம் ஒருமையில் சொல்வது தனித்தனிக் காலக்கணக்கு கொண்ட பல திறன்களின் தொகுதி என்பதையே அவர் நிறுவினார். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று; கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் போன்ற ஓர் ஊரில் கண் தெரியாத குழந்தைக்கு என்ன செய்வது என்பதை அது நேரடியாகத் தீர்மானிக்கிறது.

பேச்சறியாத சிசு எதைப் பார்க்கிறது என்று அறிவதற்கான வழியை உளவியலாளர்களே கண்டனர். ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950களின் இறுதியில், படுத்திருக்கும் குழந்தையின் முன் இரண்டு படங்களைத் தொங்கவிட்டு, மேலேயுள்ள சிறு துளை வழியாக அதன் கருவிழியில் எந்தப் படத்தின் பிம்பம் விழுகிறது என்று நோக்கி, குழந்தை எதை நெடுநேரம் பார்க்கிறது என்பதை அளந்தார். விருப்பநோக்கு முறை எனப்படும் இந்த உத்தியிலிருந்து வளர்ந்த அளவைகளே, பெரியவர் ஏறத்தாழ 400 அடியிலிருந்து காண்பதை 20 அடிக்கு வந்தால்தான் காணக்கூடிய மங்கலான பார்வையோடு குழந்தை பிறக்கிறது என்பதை வெளிப்படுத்தின. ரிச்சர்ட் ஹெல்ட் என்ற உளவியலாளர் இந்தத் துறையில் தனியிடம் பெற்றவர். ஒரு பூனைக்குட்டி தானே நடந்து சுற்ற, மற்றொன்று அதே சுழல்பொறியின் தொட்டிலில் அமர்ந்து அதே காட்சிகளைக் காணுமாறு அமைத்த 1963ஆம் ஆண்டுச் சோதனையில், தானே நடந்த குட்டிக்கு மட்டுமே பார்வையைக் கொண்டு காலை ஊன்றும் திறன் இயல்பாக வளர்ந்ததை அவரும் ஆலன் ஹெய்னும் காட்டினர். ஹெல்டே முதுமையில் சின்ஹாவின் ஆய்வுகளில் சக ஆசிரியரானார் என்பது ஒரு மரபு அறுபடாமல் தொடர்ந்ததற்குச் சான்று.

மேலைநாடுகளில் பிறவிக் கண்புரை பெரும்பாலும் சில வாரங்களிலேயே கண்டறியப்படுவதால், பல ஆண்டுகள் பார்வையின்றி வளர்ந்து பின் பார்வை பெறும் பிள்ளைகளை அங்கே காண்பது அரிது. இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம் என்பது வேதனைக்குரிய உண்மை. டெல்லியில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையோடு இணைந்து சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், கிராமங்களில் அத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டு இலவசமாகச் சிகிச்சையளித்து, பெற்றோரும் பிள்ளையும் இசைந்தால் ஆய்விலும் சேர்த்துக்கொள்கிறது. சேவையும் ஆய்வும் ஒரே செயலின் இரு முகங்களாக அமைந்த இந்த ஏற்பாடே அவருடைய முதன்மையான பங்களிப்பு என்று கூறுவது மிகையன்று.

இந்தத் திட்டத்தின் ஆய்வுகளுள் 2009இல் வெளியானது மிக நுட்பமானது. பார்வை கிடைத்த புதிதில் அதில் கலந்துகொண்டவர்களிடம், ஒன்றின்மேல் ஒன்று படிந்த வட்டத்தையும் சதுரத்தையும் காட்டி எத்தனை பொருள்கள் உள்ளன என்று கேட்டபோது, கோடுகள் வெட்டிக்கொண்ட ஒவ்வொரு துண்டையும் அவர்கள் தனிப்பொருளாக எண்ணினர். கனசதுரத்தின் ஒவ்வொரு முகமும், ஒரு பந்தின் நிழலும் அவர்களுக்குத் தனித்தனிப் பொருள்களே. கண் ஒளியை வாங்கியது, ஆனால் எது எதனோடு சேர்ந்தது என்று பிரித்தறிய இயலவில்லை. அதே வடிவங்களுள் ஒன்றை அசைத்துக் காட்டியதும் அது முழுப்பொருளாகத் தென்பட்டது. சேர்ந்து நகர்பவை ஒரே பொருளைச் சேர்ந்தவை என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு, மாதங்கள் செல்லச் செல்ல, அசையாத படங்களையும் பிரித்தறிய அவர்கள் கற்றனர். அவர்களுள் ஒருவருக்குச் சிகிச்சை கிடைத்தபோது வயது 29. லென்ஸ் இல்லாமலே பிறந்த அவருக்கு அளிக்கப்பட்டது மூக்குக்கண்ணாடி மட்டுமே. இருபத்தொன்பது ஆண்டுகள் அவரிடமிருந்து பார்வையைப் பிரித்து வைத்தது ஒரு கண்ணாடி கிடைக்காமை என்பதை எந்த ஆய்வாளரும் மனம் கலங்காமல் கடந்துசெல்ல இயலாது.

2011ஆம் ஆண்டு ஆய்வு பழைய தத்துவக் கேள்வியொன்றை எடுத்துக்கொண்டது. தொட்டுணர்ந்தே கோளத்தையும் கனசதுரத்தையும் அறிந்த பார்வையற்ற ஒருவர் திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமலே எது எது என்று சொல்வாரா என்று வில்லியம் மாலினூ 1688இல் ஜான் லாக்குக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம், அறுவை சிகிச்சைக்குப் பின் 48 மணி நேரத்துக்குள், அடுக்கு விளையாட்டுக் கட்டைகள் போன்ற வடிவங்களைக் கொடுத்து ஹெல்டும் சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தனர். தொட்டதைத் தொட்டு அடையாளம் காண்பதில் 98 விழுக்காடும், பார்த்ததைப் பார்த்து அடையாளம் காண்பதில் 92 விழுக்காடும் சரியாக அமைய, தொட்டதைப் பார்த்து அடையாளம் காண்பது மட்டும் 58 விழுக்காட்டில், அதாவது கண்மூடித்தனமாக ஊகிப்பதற்குச் சற்றே மேலாக நின்றது. சில நாள்களிலேயே அந்தத் திறன் வெகுவாக உயர்ந்தது என்பதே இங்கு முக்கியம். மாலினூவுக்கான விடை ‘இல்லை’. ஆயினும் கற்கும் ஆற்றல் அழிந்துவிடவில்லை.

இந்த முடிவுகளை மிகைப்படுத்தி வாசிக்க இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, இந்தப் பிள்ளைகள் முழு இருளில் வாழ்ந்தவர்கள் அல்லர். புரையினூடே ஒளியையும் இருளையும் பிரித்தறிந்தவர்கள். மற்றொன்று, கனடாவில் டேஃப்னி மாரரும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு. பிறந்து சில மாதங்களிலேயே கண்புரை நீக்கப்பட்டவர்கள், அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக நன்கு பார்த்திருந்தும், கண்களுக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தொலைவில் மட்டும் வேறுபடும் முகங்களைப் பிரித்தறிவதில் பின்தங்கினர். தொடக்கத்தில் இழந்த சில மாதங்களின் விளைவு ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகிறது. பார்வைக் கூர்மை, அதாவது நுண்விவரங்களைப் பிரித்தறியும் திறன், பிரகாஷ் திட்டப் பிள்ளைகளிடத்தும் இயல்பான அளவை எட்டுவதில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

சின்ஹாவின் அண்மைக்கால ஆய்வுகள் இந்தத் தடைகளை மறைக்காமல் விளக்க முயல்கின்றன. சிசுவின் மங்கலான பார்வையும் மங்கிய நிறவுணர்வும் குறைகள் அல்ல, பயிற்சிமுறையின் பகுதிகள் என்பது 2018இலும் 2024இலும் வெளியான ஆய்வுகள் முன்வைக்கும் கருதுகோள். மங்கல் காலத்தில் விவரம் தெரியாததால் மூளை முகத்தை முழுதாகப் பிடிக்கப் பழகுகிறது; காலம் கடந்து சிகிச்சை பெறுபவரோ சிசுவைவிடத் தெளிவான பார்வையோடு தொடங்குவதால் அந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை. படங்களிலிருந்து நிறத்தை நீக்கியதும் பிரகாஷ் திட்டப் பிள்ளைகள் பொருள்களை அடையாளம் காணத் தடுமாறினர்; இயல்பாகப் பார்வை வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. முதலில் கறுப்பு-வெள்ளைப் படங்களையும் பிறகு வண்ணப் படங்களையும் கொடுத்துப் பயிற்றிய கணினி வலையமைப்புகளும் இந்தத் தடுமாற்றத்திலிருந்து தப்பின. கணினி மாதிரி மூளைக்குச் சான்றாகாது என்றாலும், இழப்பு எங்கே நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

இந்த அறிவு கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வரும்போது இரண்டு கடமைகளாகப் பிரிகிறது. முதலாவது, காலத்தே கண்டறிந்து சிகிச்சையளிப்பது. ரிஷிவந்தியத்துச் சமவெளி ஊர்களிலும், மேற்கே வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலைச் சிற்றூர்களிலும், குழந்தையின் கண்ணில் வெண்மை தெரிந்தால் ‘பூ விழுந்திருக்கிறது’ என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கக்கூடும். இரு கண்ணிலும் அடர்ந்த புரை இருந்தால் ஏறத்தாழ எட்டு முதல் பத்து வாரங்களுக்குள்ளும், ஒரு கண்ணில் மட்டுமிருந்தால் ஆறு வாரங்களுக்குள்ளும் அகற்றுவதே நல்லது என்பதால் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்புடையது. கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திக் கருவிழி செந்நிறமாக மிளிர்கிறதா என்று நோக்கும் செவ்வொளிச் சோதனைக்கு ஒரு சிறு கருவியும் ஒரு நிமிடமும் போதும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் கண்புரை இடம்பெற்றுள்ளது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கண்புரையில் நான்கில் ஒரு பங்குக்கு ரூபெல்லா காரணம் என்று காட்டியது. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கமாகத் தொடங்கப்பட்டது அந்த வகையில் பார்வைக்கான திட்டமும் ஆகும். அறுவை சிகிச்சையோடு பணி முடிவதில்லை. லென்ஸ் நீக்கிய சிசுவுக்குத் தடித்த கண்ணாடியும், கண் வளர வளர அதன் சக்தியை மாற்றும் தொடர்சோதனையும், சோம்பேறிக்கண் ஏற்படாமல் நல்ல கண்ணை மறைத்துவைக்கும் பயிற்சியும் தேவை. மலையிலிருந்து இறங்கிவரும் தாய்க்கு ஒவ்வொரு வருகையும் அன்றைய கூலியை இழப்பதாகும். பயணப்படியைச் சிகிச்சைச் செலவாகவே கருத வேண்டும்.

மற்றொரு கடமை, தவறவிடப்பட்டு வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கானது. அவர்களைப் பார்வையற்றோர் பட்டியலில் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் முன், புரையோ கண்ணாடிக் குறையோ காரணமா என்று கண் மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். கிடைக்கும் பார்வை முழுமையாக இராது என்பதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லி, முதல் சில மாதங்களுக்கு அசையும் பொருள்களைக் காட்டியும் தொட்டதைப் பார்க்கவைத்தும் பயிற்சியளிக்க அங்கன்வாடிப் பணியாளரையும் சிறப்பாசிரியரையும் தயார்செய்ய வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத்தின் பார்வையற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரையும் மறுபரிசோதனை செய்யும் பணியை ஏற்று, எத்தனை பேருக்குப் பார்வை மீட்கத்தக்கது என்ற கணக்கை வெளியிட வேண்டும்.