பள்ளிக்கூடச் சமையலறையில் பாட்டிக்கு ஒரு தட்டு

இன்னைக்கு எபிசோடை ஒரு காட்சியோட ஆரம்பிக்கலாம். எண்பதுகளின் நடுப்பகுதி. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளி. மதியம் மணி அடிக்குது, பிள்ளைங்க தட்டோட வரிசையில நிக்கிறாங்க. சத்துணவுக் கூடத்துக்கு வெளியே, மர நிழல்ல, வயசானவங்க நாலஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. பேரனைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்கன்னு நினைப்போம். அவங்க வந்தது சாப்பிட.

கிராமத்துல முதியோர் பராமரிப்பு மையம்னு சொன்னா, இனிமேல்தான் கட்டணும்னு நமக்குத் தோணும். ஆனா நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்கள்ல அப்படி ஒரு இடம் இருந்துச்சு. அதுக்கு யாரும் அந்தப் பேரை வைக்கலை, அவ்வளவுதான்.

கதை 1962-ல தொடங்குது. காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ, அன்றைய மெட்ராஸ் மாநிலம் முதியோர் உதவித்தொகையைக் கொண்டுவந்தது. மாசம் 20 ரூபாய். மத்திய அரசு இதே மாதிரி தேசிய அளவில் ஒரு திட்டம் கொண்டுவந்தது 1995-லதான். 33 வருஷம் கழிச்சு!

இது ஏன் கிராமத்துக்கு முக்கியம்? வயல்ல கூலி வேலை பார்க்கிறவங்களுக்கு ஓய்வு பெறும் வயதுன்னு ஒண்ணு கிடையாது. பி.எஃப். கிடையாது. உடம்பு என்னைக்கு முடியலைன்னு சொல்லுதோ, அன்னைக்கே கூலி நின்னுடும். அதுவும் ஆதரவுக்கு யாரும் இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் பணம். அது மணியார்டர்ல, போஸ்ட்மேன் கையால வரும்.

அடுத்த திருப்பம் 1982 ஜூலை. எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்குது. ஊர் ஊரா ஒரு சமையல் கூடம், ஒரு அமைப்பாளர், சமைக்க ஆட்கள். 1983-ல முதியோர் உதவித்தொகை வாங்குறவங்களையும் இதுல சேர்க்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க: புதுக் கட்டடம் வேண்டாம், தனி ஊழியர் வேண்டாம். ஏற்கெனவே எரியுற அடுப்புல இன்னும் கொஞ்சம் அரிசி கூடுதலா போட்டா போதும். வயசானவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும், வேட்டி சேலையும் கிடைச்சது.

ஒரு வேளைச் சோறு பெரிய விஷயமான்னு கேட்கலாம். அந்தச் சோத்தோட கூடவே, எந்த அரசாணையிலும் எழுதாத ஒண்ணு நடந்துச்சு. தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்கு வர்ற பாட்டி ரெண்டு நாளா வரலைன்னா, பக்கத்துல உட்கார்றவங்களுக்குத் தெரியும். சமைக்கிற அக்காவுக்குத் தெரியும். "என்ன, கிழவியைக் காணோம்?"னு ஒரு குரல் வரும். முதியோர் பராமரிப்போட முதல் படியே அந்தக் கேள்விதான்.

அப்புறம் என்ன ஆச்சு? உதவித்தொகை வாங்குறவங்களுக்கு இலவச அரிசியும் உண்டு. மையத்துல சாப்பிடுறவங்களுக்கு மாசம் 2 கிலோ, சாப்பிட வராதவங்களுக்கு 4 கிலோ. பெரும்பாலானவங்க 4 கிலோவைத் தேர்ந்தெடுத்தாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது. மூட்டு வலியோட அவ்வளவு தூரம் நடக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்குப் பின்னாடி தட்டு ஏந்தி நிக்கிறது சிலருக்குக் கூச்சம். அரிசின்னா வீட்டுல இன்னொருத்தருக்கும் சேர்த்துப் பொங்கலாம். இன்னைக்கு மையத்துக்கு வந்து சாப்பிடுற முதியவர்கள் ரொம்பக் குறைவு.

பணமும் மாறுச்சு. 2011-ல உதவித்தொகை 1,000 ரூபாய் ஆச்சு, 2023-ல 1,200. இதுல 60 முதல் 79 வயசு வரைக்கும் மத்திய அரசோட பங்கு வெறும் 200 ரூபாய்தான். மணியார்டர் போய் வங்கிக் கணக்கு வந்துச்சு. பணம் கூடினது நல்லதுதான். ஆனா வீட்டு வாசலுக்கு வர்ற போஸ்ட்மேனும் போயிட்டார், மதியம் கூடுற இடமும் போயிடுச்சு.

பழசை ரொம்பப் புகழவும் வேண்டாம். படுத்த படுக்கையா கிடந்தவங்களுக்குச் சத்துணவுக் கூடத்தால எந்தப் பயனும் இல்லை. அந்தக் குறையை 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் ஓரளவு தீர்க்குது: பிரஷர், சுகர் மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருது. 2025-26 பட்ஜெட்ல, பகல் நேரத்துல முதியவர்கள் கூடி இருக்க 'அன்புச்சோலை'ங்கிற பேர்ல 25 மையங்களை அறிவிச்சாங்க. ஆனா 2011 கணக்கெடுப்புப்படியே தமிழ்நாட்டுல 60 வயசைத் தாண்டினவங்க சுமார் 75 லட்சம் பேர். 25 எங்கே, 75 லட்சம் எங்கே?

அதனாலதான் அந்தப் பழைய சமையலறை எனக்கு முக்கியமாத் தெரியுது. நம்ம கிராமங்கள்ல அடுப்பும் ஆளும் இன்னும் இருக்கு. வயசானவங்க கூச்சமில்லாம உட்கார ஒரு திண்ணையும், அவங்களுக்குன்னு தனி நேரமும் ஒதுக்க எவ்வளவு செலவாகிடும்?

நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து ஊருக்கு ஜி-பே பண்றவங்களா இருக்கலாம். பணம் போய்ச் சேர்ந்துடும். இன்னைக்கு ராத்திரி போன் பண்றப்போ இதையும் கேட்டுப் பாருங்க: "பாட்டி, ரெண்டு நாள் நீ வெளியில வரலைன்னா, முதல்ல யாருக்குத் தெரியும்?"

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.