கொலுப்படிகள்: அரசவையும் இல்லமும்

நவராத்திரியில் இல்லத்தில் படிகள் அமைத்துப் பொம்மைகளை வரிசைப்படுத்தும் வழக்கம் தென்னிந்திய மாநிலங்கள் பலவற்றில் காணப்படுகிறது. தமிழில் 'கொலு' எனவும், தெலுங்கில் 'பொம்மல கொலுவு' எனவும், கன்னடத்தில் 'கொம்பெ ஹப்ப' எனவும் இது வழங்கப்பெறும். கொலு என்னும் சொல் அரசன் அவையில் வீற்றிருத்தலையும் குறிக்கும். ஆகவே, இல்லத்துக் கொலுவை அரசவையின் சிற்றுரு எனக் கருத இடமுண்டு.

விசயநகரத்தின் மகாநவமி விழாவைப் போர்ச்சுகீசியப் பயணி தோமிங்கோ பயஸ் 16ஆம் நூற்றாண்டில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். 1610இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கினார். அரச விழாவிற்கு இத்தகைய சான்றுகள் உள. இல்லத்துக் கொலுவிற்கோ பொம்மைகளே முதன்மைச் சான்றுகள்.

கொண்டபள்ளியின் மென்மரப் பொம்மைகள், சென்னபட்டணத்தின் அரக்கு வண்ணப் பொம்மைகள், பண்ருட்டியின் மண்பொம்மைகள் ஆகியன அவ்வவ்வூர்க் கைவினைத் தொழிலை உணர்த்துகின்றன. மணமகளுக்குச் சீராக அளிக்கப்பெறும் மரப்பாச்சி இணை, தாய்வழியாக மகளுக்குச் செல்லும் உடைமையாகவும் அமைகிறது. தெய்வ உருவங்களுடன் செட்டியார் கடை, திருமண ஊர்வலம், காந்தியடிகள் உருவம் ஆகியனவும் இடம்பெறுவதால், படிகள் சமூக மாற்றத்தையும் காட்டுகின்றன.

எனினும், பொம்மைகளை வனைந்தோர், கடைந்தோர் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. வண்ணம் மங்கிய பொம்மை கழிக்கப்படும்போது அதன் வரலாறும் உடன் மறைகிறது. எனவே, இல்லங்களில் எஞ்சியுள்ள பழம்பொம்மைகளை, வாங்கிய ஊர், ஆண்டு, கைமாறிய முறை ஆகிய குறிப்புகளுடன் ஆவணப்படுத்துதல் சமூக வரலாற்றாய்விற்கு இன்றியமையாததாகும்.