மூளைக்கு வேலை கொடுத்த ரயில் அட்டவணை

மூளை சார்ந்த கற்பித்தல்னு இங்கிலீஷ் வாத்தியாருங்களுக்குப் பயிற்சி நடக்கும். இடது மூளை இலக்கணம், வலது மூளை கற்பனைன்னு கலர் கலரா படம் காட்டுவாங்க. லெஸ்லி ஹார்ட் 1983-ல் எழுதின புத்தகத்துக்கு இந்தப் பேச்சு பரவினதுல பெரிய பங்கு உண்டு. 1981-ல் நோபல் வாங்கின ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தது, மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் இணைப்பை வெட்டிய நோயாளிகளை. அதை வச்சு வகுப்புப் பசங்களை இடது, வலதுன்னு பிரிக்கிறது சுத்த ஜல்லி.

உருப்படியான வேலை ஒண்ணு நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கு, நண்பர்களே.

1950-களில் இருந்து இங்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது வாக்கிய அமைப்புகளை வரிசையா அடுக்கி, ஒப்பிக்க வைத்துத்தான். தமிழ் மீடியத்துல படிச்ச நானும் அந்தப் பரம்பரைதான். பாஸிவ் வாய்ஸ்ல நூத்துக்கு நூறு. முதல் இன்டர்வியூல வாயே திறக்கல!

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்த என்.எஸ்.பிரபுவுக்கு இதே கேள்விதான். வகுப்புல சரியாச் சொல்ற பையன் வெளியே ஏன் திணறுறான்? கவனம் அர்த்தத்துல இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்கும்னு நம்பினார். 1979-ல் பெங்களூரிலும் பிறகு சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஆரம்பிச்சு 1984 வரை சோதிச்சார்.

ஒப்பித்தல் கிடையாது, இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம், காலண்டர் இப்படி ஏதாவது ஒரு புதிர். முதல்ல வாத்தியார் வகுப்போட சேர்ந்து ஒண்ணைப் போடுவார். அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணை ஒவ்வொருத்தரும் தனியாப் போடணும். ஒரு வார்த்தையில பதில் சொன்னாலும் சரி. வகுப்புல பாதிப் பேராவது பாதியாவது சரியாப் போட்டா, புதிரோட கஷ்டம் அளவா இருக்குன்னு அர்த்தம். இந்த அளவுகோல்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரொம்ப ஈஸின்னா மூளை தூங்கும், ரொம்பக் கஷ்டம்னா கதவைச் சாத்திக்கும்.

பெரெட்டாவும் டேவிஸும் இதை மதிப்பிட்டு 1985-ல் எழுதினாங்க. அர்த்தத்தில் மட்டும் கவனம் வைத்தாலே இலக்கணம் உருவாகும் என்பதற்கு ஓரளவு ஆதரவு கிடைச்சது. அடிச்சுச் சொல்லல, ஆனா தள்ளவும் இல்லை. பிரபுவின் புத்தகம் 1987-ல் வந்தது. வேலை கொடுத்து மொழி கற்பிக்கும் முறையைப் பற்றி உலகத்துல எங்கே பேசினாலும் பெங்களூர் பேர் வரும்.

இத்தனைக்கும் அவர் கையில மூளை ஸ்கேன் எதுவும் இல்லை. ஒரு கரும்பலகை, ஒரு ரயில் அட்டவணை, யோசிக்கிற பசங்க. அவ்வளவுதான்.

உங்க பள்ளியில இங்கிலீஷ் எப்படி நடத்தினாங்க? சொல்லுங்க மக்கா.