எர்ன்ஸ்ட் காசிரரும் அரசியல் தொன்மமும்

எர்ன்ஸ்ட் காசிரரின் (1874–1945) வாழ்க்கையை 1929-ஆம் ஆண்டு டாவோஸ் விவாதத்தோடு முடித்துவிடும் வழக்கம் தத்துவத் துறைகளில் உண்டு. இளைஞர்கள் ஹைடெகரின் பக்கம் சாய்ந்தனர். காசிரர் பழைய தலைமுறையின் எச்சமாகத் தோன்றினார். இச்சித்திரம் முழுமையானதன்று.

பிரெஸ்லாவ் நகரின் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், மார்பர்க்கில் ஹெர்மன் கோஹனிடம் காண்ட்டைப் பயின்றார். அறிவியல் அறிவு எவ்வாறு இயலுகிறது என்ற காண்ட்டின் வினாவைப் பண்பாடு முழுமைக்கும் விரித்ததே அவர் செய்த பணி. மொழி, தொன்மம், கலை, அறிவியல் ஆகிய எதுவும் முன்பே அமைந்த உலகின் நகல் அன்று. ஒவ்வொன்றும் உலகைத் தனக்குரிய முறையில் அமைத்துத் தருகிறது. 'குறியீட்டு வடிவங்களின் தத்துவம்' என்னும் நூலின் முதல் தொகுதி (1923) மொழிக்கே உரியது. மொழி முடிந்த பொருள் அன்று, இடையறாத செயல் என்ற ஹம்போல்ட்டின் கருத்தே அதன் அடித்தளம். மொழியியல் வகுப்புகளில் இந்நூல் அரிதாகவே பேசப்படுவது வியப்புக்குரியது.

அவர் ஒதுங்கியிருந்த அறிஞரும் அல்லர். 1928 ஆகஸ்டில், ஹாம்பர்க்கின் அரசியலமைப்பு நாள் விழாவில், குடியரசுக் கருத்து ஜெர்மானியச் சிந்தனைக்கு அந்நியமானதன்று என வாதிட்டார். அடுத்த ஆண்டு அங்கே பல்கலைக்கழகத் தலைவரானார். 1933-இல் ஹைடெகர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். காசிரர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்வீடனின் கோத்தன்பர்க் என அலைந்து, 1941-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் மொழியியலறிஞர் ரோமன் யாகப்சனும் பயணம் செய்தார்.

1925-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் தொன்மம் சிந்தனை கடந்து வரும் ஒரு படிநிலை. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. இறுதி நூலான 'அரசின் தொன்மம்' வேறொன்றைச் சொல்கிறது: தொன்மத்தை ஆயுதங்களைப் போலத் திட்டமிட்டு உற்பத்தி செய்ய முடியும். அங்கே அவர் காட்டும் சான்று மொழியிலிருந்தே வருகிறது. நாஜிகளின் வழக்கில் 'சீக்ஃப்ரீடே' என்பது ஜெர்மனியின் வெற்றியால் வரும் அமைதி. 'சீகர்ஃப்ரீடே' என்பது எதிரிகள் வென்று திணிக்கும் அமைதி. வேறுபாடு ஓரசை மட்டுமே. பொருளை உணர்த்த வேண்டிய சொல் உணர்ச்சியைத் தூண்டும் மந்திரமாகிவிட்டதை அவர் இதில் கண்டார். தம் முந்தைய கொள்கையின் குறையைத் தாமே திருத்திக்கொண்ட இப்பக்கங்கள், டாவோஸ் உரைகளைவிடக் கவனமாகப் படிக்கத்தக்கவை.

1945 பிப்ரவரியில் நியூயார்க் மொழியியல் வட்டத்தில் அமைப்பியல் குறித்து உரையாற்றினார். ஏப்ரல் 13 அன்று காலமானார். ஜெர்மனி சரணடைய அப்போது ஒரு மாதம்கூட இல்லை. 'அரசின் தொன்மம்' 1946-இல் அச்சேறியது.